கூரை ஒழுகுகிறது, வேலையை யாரிடம் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டின் கான்கிரீட் மேல்தளம் போட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் பழுப்புக் கறை பரவி வருகிறது. பார்க்க வந்த ஒப்பந்ததாரர் ஒருவர் தளம் முழுவதற்கும் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் அந்த மூலைக்கு மேலே மட்டும் பூசினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நீர் எந்த இடத்தில் நுழைகிறது? அதற்கு விடை சொல்லாமல் பூச்சின் பெயரையும் அதன் பெருமையையும் சொல்பவர், முழுத் தளத்துக்குச் சொன்னாலும் மூலைக்கு மட்டும் சொன்னாலும், ஊகத்தின் பேரில்தான் விலை சொல்கிறார். அப்படிப்பட்ட ஒருவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கறை தெரியும் இடமும் நீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. கான்கிரீட்டுக்குள் இறங்கிய நீர், தளத்தில் பதித்த மின்கம்பிக் குழாய்களின் வழியாகவும், மேலடுக்குக் காரைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாகவும் பல அடி தூரம் ஓடி, மின்விசிறிக் கொக்கி, விளக்குப் பெட்டி, சுவர் மூலை போன்ற எளிய வழி கிடைக்கும் இடத்தில்தான் வெளியே வரும். ஆகவே கறைக்கு நேர் மேலே மட்டும் பூசுவது பெரும்பாலும் பயன் தராது. முழுத் தளத்துக்கும் பூசுவதும் அப்படியே வீணாகலாம். ஏனெனில் கசிவு தளத்தின் நடுப்பரப்பைவிட அதன் விளிம்புகளில்தான் அதிகம் தொடங்குகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தளத்தைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் சுற்று ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்குகிறது. செங்கல் சுவர் அதே அளவில் விரிவதில்லை. இந்த வேறுபாட்டால் இரண்டும் சேரும் கோட்டில் முடியளவு விரிசல் விழுவதைத் தவிர்ப்பது கடினம்.

ஆள் அழைப்பதற்கு முன் நீங்களே சிலவற்றைக் கவனித்துக் குறித்து வைக்கலாம். மழை இல்லாத நாட்களிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால், மேலே உள்ள நீர்த்தொட்டி, அதன் இணைப்புக் குழாய், குளியலறை ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மழை தொடங்கிய சில நிமிடங்களில் சொட்டினால் நீர் வரும் வழி நீளம் குறைந்தது, திறந்தது. மழை நின்று ஒரு நாள் கழித்துக் கறை பெரிதானால் தளத்தின் மேலடுக்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கூரையில் படிவதும் கசிவைப் போலவே தோன்றும். இதைப் பிரித்தறிய, கறை படிந்த பரப்பைத் துடைத்து உலர்த்தி, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்று புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கத்தில் ஈரம் படிந்தால் குறை அறையின் காற்றோட்டத்தில். தாளுக்குப் பின்னால் படிந்தால் நீர் தளத்திலிருந்துதான் வருகிறது.

இதன் பிறகும் நுழைவாய் தெரியாவிட்டால், தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறு வரப்பு கட்டி, இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் நீரை 24 முதல் 48 மணி நேரம் நிறுத்திப் பார்ப்பது வழக்கமான சோதனை. தாழ்ந்த பகுதியில் தொடங்கி மேட்டுக்குச் செல்ல வேண்டும். எல்லாப் பகுதியையும் ஒரே நாளில் நனைத்தால் எதுவும் விளங்காது. ஒரு சென்டிமீட்டர் ஆழ நீர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 கிலோ எடையை ஏற்றும் என்பதால், கம்பி தெரியும் தளத்திலோ தொய்ந்த தளத்திலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. உங்களிடம் வந்த இருவரில் எவர் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்கிறாரோ அவரை மேற்கொண்டு விசாரியுங்கள்.

கேள்வி: கூரையில் எந்த அறிகுறியைக் கண்டால் உடனே வேலையைத் தொடங்க வேண்டும்? எதைச் சில காலம் தள்ளிப்போடலாம்?

பதில்: கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் துரு நிறக் கோடுகள் கம்பியின் போக்கிலேயே நீளமாகத் தெரிவது, காரை உப்பி விழுவது, கம்பி வெளியே தெரிவது, தளம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்வது ஆகிய நான்கையும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிட்டால், அதன் பிறகு ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. விழுந்த காரையை அள்ளிவிட்டு மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது, துரு மேலும் வளர இடம் கொடுப்பதுதான். இந்த நிலையில் முதலில் வர வேண்டியவர் பூச்சு அடிப்பவர் அல்லர், கட்டமைப்புப் பொறியாளர். கம்பியின் மீதமுள்ள தடிமனைப் பார்த்து, தளம் தாங்குமா என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகே மற்ற வேலைகள்.

மழை நின்று 48 மணி நேரம் கழிந்தும் தளத்தில் நீர் தேங்கி நின்றால், இன்று ஒழுகாவிட்டாலும் வாட்டம் போதவில்லை என்று பொருள். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத சரிவாவது குழாயை நோக்கி இருக்க வேண்டும். இதை அடுத்த மழைக்காலத்துக்கு முன் சரிசெய்தால் போதும். கூரையின் அடியில் வெள்ளையாக உப்புப் பூப்பதும், வண்ணப்பூச்சு கொப்பளிப்பதும் ஈரம் ஊடுருவுகிறது என்பதற்கான தொடக்க எச்சரிக்கைகள். இவற்றுக்கும் அவகாசம் உண்டு, ஆனால் ஆண்டுக்கணக்கில் அன்று. மேல்தளத்தில் நிழல் விழும் பக்கம் பாசி பிடித்திருப்பதை மட்டும் காட்டி எவரேனும் பெரிய வேலை சொன்னால், துடைப்பமும் நீரும் போதும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது ஓட்டு வீடு. ஆங்காங்கே ஓடுகள் உடைந்துள்ளன. ஓடுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது தேவையா?

பதில்: ஓடுகளைக் காட்டிலும் அவற்றைத் தாங்கும் மரத்தை முதலில் பாருங்கள். நல்ல வெயில் நேரத்தில் உள்ளே இருந்து அண்ணாந்து பார்த்தால், ஒளி புள்ளியாகத் தெரியும் இடங்களே நீர் வரும் இடங்கள். அங்கு ஓடுகள் அமரும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்களையும், அவற்றைத் தாங்கும் கைமரத்தையும் கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள்; எளிதில் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மரம் உறுதியாக இருந்து பத்தில் ஒன்றோ இரண்டோ ஓடு மட்டும் உடைந்திருந்தால் அவற்றை மாற்றி, முகட்டு ஓடுகளின் சாந்தைப் புதுப்பித்தால் போதும். ஓடுகள் வரிசை வரிசையாகச் சரிந்திருந்தால் பழுது ரீப்பரில் இருக்கிறது. அப்போது ஓடுகளை இறக்கி, மரத்தை மாற்றி, நல்ல ஓடுகளையே மீண்டும் அடுக்கலாம். இறக்கிய பழைய ஓடுகள் யாருக்குச் சொந்தம் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், இதில்தான் பிறகு மனத்தாங்கல் வரும். உடைந்த ஓட்டின் மேல் தார் பூசுவதும் சிமெண்ட் அப்புவதும் ஒரு மழைக்கு மேல் நிற்பதில்லை.

கேள்வி: ஒரே மேல்தளத்துக்கு மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டேன். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையே இரண்டு மடங்கு வேறுபாடு இருக்கிறது. எப்படி ஒப்பிடுவது? முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள், பெரும்பாலும் இருக்காது. 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள தளத்தின் பரப்பு 80 சதுர மீட்டர். ஆனால் நீர்த்தடுப்புப் பூச்சைக் கைப்பிடிச் சுவரில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றிப் பூசினால், 36 மீட்டர் சுற்றளவுக்கு இன்னும் 10.8 சதுர மீட்டர் சேரும். ஒருவர் இதைச் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் கணக்கிட்டிருக்கலாம். சேர்க்காதவரின் விலை குறைவாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன சுவர் மூலை அப்படியே திறந்து கிடக்கும். ஒருவர் சதுர அடியிலும் மற்றொருவர் சதுர மீட்டரிலும் எழுதியிருந்தால், 1 சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி என்று கொண்டு மாற்றிப் பாருங்கள்.

பூச்சுக்கு முந்தைய வேலைகளில்தான் விலை வேறுபாடு பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பது, தட்டிப் பார்த்து வெற்றோசை கேட்கும் காரையை உடைத்து நீக்குவது, விரிசலை அகலப்படுத்தி நிரப்புவது, வாட்டத்தைத் திருத்துவது, இடிபாட்டை அகற்றுவது ஆகிய ஒவ்வொன்றும் மதிப்பீட்டில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஈரமும் தூசியும் உள்ள பரப்பின் மேல் அடித்த பூச்சு, வெயில் ஏறியதும் அடியிலுள்ள ஈரம் ஆவியாகிக் கிளம்புவதால், கொப்பளித்து உரிந்துவிடும்; அதற்காக உற்பத்தியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிதாகப் போடும் சிமெண்ட் காரையைக் குறைந்தது ஏழு நாட்கள் நனைத்துப் பதப்படுத்த வேண்டும் என்பதையும், அதற்குரிய நீரையும் ஆளையும் யார் தருவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றே நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்பவர் இந்த ஏழு நாட்களை எங்கிருந்தோ வெட்டியிருக்கிறார்.

பொருளின் பெயர், வகை, எத்தனை பூச்சு என்பவை எழுத்தில் இருக்கட்டும். ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று வாளியில் அச்சிட்டிருப்பார்கள். தளத்தின் பரப்பை அதனால் வகுத்து, பூச்சுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் எத்தனை லிட்டர் வேண்டும் என்று தெரியும்; அதை ஒரு வாளியின் லிட்டர் அளவால் வகுத்தால் எத்தனை வாளி வந்து இறங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மூடி திறக்காத வாளிகள் உங்கள் கண்ணெதிரே வந்து இறங்கட்டும், காலி வாளிகளை வேலை முடியும்வரை அப்புறப்படுத்த விடாதீர்கள். வேலையாட்கள் இதை விரும்ப மாட்டார்கள், ஆனால் நேர்மையான ஒப்பந்ததாரர் தடுக்க மாட்டார்.

பணத்தைப் பொறுத்தவரை, பொருள் வாங்கும் அளவுக்கு முன்பணமும், பரப்பைச் சுத்தம்செய்து பழுது நீக்கிய பிறகு ஒரு பகுதியும், பூச்சு முடிந்ததும் இன்னொரு பகுதியும் கொடுத்து, மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் வரையிலான தொகையை நீர் நிறுத்திப் பார்க்கும் சோதனையோ ஒரு நல்ல மழையோ முடியும்வரை நிறுத்திவைப்பதே முறை. பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். வேலை நடுவில் 'இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்' என்று புதிதாக ஏதேனும் முளைத்தால், அதன் விலையை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

அவர் முன்பு செய்த வேலைகளைப் பார்க்கப் போனால், சென்ற மாதம் முடித்ததைக் காட்டினால் ஏற்காதீர்கள். புதுப் பூச்சு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலமாவது கடந்த ஒரு தளத்தைப் பாருங்கள், அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். வேலையை அவரே மேற்பார்வையிடுவாரா, வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவாரா என்பதையும், உயரத்தில் வேலை செய்யும் ஆட்களுக்குப் பாதுகாப்பு வாரும் விபத்துக் காப்பீடும் உண்டா என்பதையும் கேளுங்கள். பிந்தையதைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள், கூரையிலிருந்து ஒருவர் விழுந்த பிறகு கேட்பது எவருக்கும் உதவாது.

கேள்வி: பத்து ஆண்டு உத்தரவாதம் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: யார் தரும் உத்தரவாதம் என்று பாருங்கள். உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொருளின் குறைக்கு மட்டும் பொருந்தும், பூசிய முறையின் குறைக்குப் பொருந்தாது; ஒப்பந்ததாரரின் உத்தரவாதம் அவர் தொழிலில் நீடிக்கும்வரை மட்டுமே உயிருள்ளது. எனவே இரண்டும் தனித்தனியாக எழுத்தில் வேண்டும். கசிந்தால் பொருளை மட்டும் தருவாரா, கூலியும் சேருமா, எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பார், தளத்தில் புதிதாகத் துளையிட்டால் உத்தரவாதம் போய்விடுமா என்பவை அதில் இருக்க வேண்டும். சூரியத் தகடுகளைப் பொருத்தும் எண்ணம் இருந்தால், அவற்றின் தாங்கிகளைப் பொருத்திய பிறகே நீர்த்தடுப்பு வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி: புயலுக்குப் பின் ஒருவர் தாமாக வந்து, எங்கள் தகரக் கூரை சேதமாகியிருப்பதாகவும், இன்றே ஒப்புக்கொண்டால் தள்ளுபடி என்றும் சொல்கிறார்.

பதில்: இன்று ஒப்புக்கொள்ளாதீர்கள். சேதத்தைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் அவரைக் கூரைமேல் ஏற்ற வேண்டாம். இல்லாத சேதம் அங்கே உண்டாகக்கூடும். தகரக் கூரையில் பெரும்பாலும் கெட்டுப்போவது தகடன்று, அதைப் பிடித்திருக்கும் திருகுகளின் அடியிலுள்ள ரப்பர் வளையமே. வெயிலில் அது வெடித்து நீருக்கு வழிவிடும். வளையங்களையும் துருப்பிடித்த திருகுகளையும் மாற்றுவது சிறிய வேலை.

கேள்வி: பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் கூரையை அகற்றிப் புதிய தகடு போட விரும்புகிறோம். வேலையாட்கள் இயந்திரத்தால் அறுத்து எடுக்கலாம் என்கிறார்கள்.

பதில்: அறுக்க விடாதீர்கள். கல்நார் இழைகள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்டுள்ளது. தகடு முழுதாகக் கிடக்கும்போது இழைகள் பெரும்பாலும் சிமெண்டுக்குள் கட்டுண்டிருக்கும், அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் தூசியாகக் காற்றில் கலக்கும். தகட்டை நீரால் நனைத்து, திருகுகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்ட வேண்டும். நுண்தூசியை வடிகட்டும் முகமூடி இல்லாமல் எவரும் அருகில் நிற்கக் கூடாது, சாதாரணத் துணி போதாது. பழைய தகடு மனித எடையைத் தாங்காமல் திடீரென உடையும் என்பதால், அதன்மேல் நேரடியாகக் கால் வைக்காமல் சட்டங்களின் மேல் அகலப் பலகை பரப்பி அதன்மேல்தான் நகர வேண்டும். இவ்வகைக் கழிவை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, அதற்கான செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.