ஆறாம் ஆண்டோடு பள்ளியை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் செம்பனை லாரி ஓட்டுகிறேன். 12 வயது மகள் தோட்டத்துப் பழைய கிளப் கோர்ட்டில் டென்னிஸ் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள். 'பணக்காரர் விளையாட்டு நமக்கு எதுக்கு?' என்கிறார்கள் உறவினர்கள். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸை அவர் அப்பாதானே உருவாக்கினார்? ஆறாம் ஆண்டோடு பள்ளியை நிறுத்தி, முழு நேரமும் பயிற்சியில் விடலாம் என்று இருக்கிறேன். சரியா?
- ஒரு தந்தை, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நிறுத்தாதீர்கள்.

முதலில் உறவினர்கள் பேச்சைத் தள்ளிவைப்போம். தொரைமார் ஆடிய காலத்தில் அந்த மாதிரி கோர்ட்டுகளில் புல் வெட்டியவர்களும் பந்து பொறுக்கிக் கொடுத்தவர்களும் நம் ஆட்கள். அங்கே இன்று பால்மரம் வெட்டியவரின் பேத்தி மட்டையோடு நிற்கிறாள் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அக்கா வீனஸும் தங்கை செரீனாவும் பழகியது லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில், காம்ப்டன் ஊரின் பொதுக் கோர்ட்டுகளில். அப்பா ரிச்சர்ட் புத்தகமும் வீடியோவும் பார்த்துத் தானே ஆட்டத்தைப் படித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அவள் ஆடட்டும்.

ஆனால் ஐயா, அந்த அப்பாவின் கதையை நீங்கள் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1991-இல் அவர் மகள்கள் இருவரையும் ஒன்றிலிருந்து நிறுத்தினார், உண்மைதான். நிறுத்தியது ஜூனியர் போட்டிகளிலிருந்து. வீனஸ் அப்போது 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் தெற்கு கலிபோர்னியாவின் முதல் ஆட்டக்காரர். ஜெயித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை யாராவது நிறுத்துவார்களா என்று கேட்காதவர் இல்லை. அப்புறம், இருவரும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். செரீனா 1995-இல் கியூபெக்கில் ஆடிய முதல் தொழில்முறை ஆட்டத்தில் 6-1, 6-1 என்று தோற்றார். 1999-இல் அமெரிக்க ஓப்பன் பட்டம், 2017-க்குள் மொத்தம் 23 கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு மிகப் பெரிய போட்டிகள்) ஒற்றையர் பட்டங்கள். அவசரப்படாததால் எதுவும் கைநழுவிப் போகவில்லை.

அவசரப்பட்ட கதையும் அதே ஆண்டுகளில் நடந்தது. ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990 மார்ச்சில், 14 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதே, தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அப்பாதான் பயிற்சியாளர். முதல் போட்டியிலேயே இறுதியாட்டம், அந்த ஆண்டே பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி. 1992-இல் பார்சலோனாவில் ஸ்டெஃபி கிராஃபைத் தோற்கடித்து ஒலிம்பிக் தங்கம் வாங்கும்போது வயது 16. அடுத்த ஆண்டு அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றிலேயே தோற்று, 17 வயதில் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். 1994-இல் அவர் பெயர் வந்தது போலீஸ் செய்தியில். அந்தப் பெண் எழுந்து வந்து 2001-இல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். முதல் கிராண்ட் ஸ்லாம் கோப்பை கைக்கு வந்தபோது வயது 24. மொத்தம் மூன்று கோப்பைகள். பிறகு தோள் காயம். 2004-க்குப் பிறகு ஆடவே முடியவில்லை. அப்போது வயது 28.

காப்ரியாட்டி 17 வயதில் ஆட்டத்தை விட்டுப் போன பிறகுதான் மகளிர் டென்னிஸ் சங்கம் விதியை இறுக்கியது. 14 வயது நிறையாதவர் தொழில்முறைப் போட்டிகளில் ஆட முடியாது. 18 வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிகள்தான் என்று அளவும் உண்டு. நாளைக்கே நீங்கள் பள்ளியை நிறுத்தினாலும் இரண்டு வருடத்துக்கு அவளுக்கு அந்தக் கதவு திறக்காது. திறந்த பிறகும் பாதை நீளம். கிராண்ட் ஸ்லாமில் 128 இடங்கள். அதில் 104 பேர்தான் தரவரிசையை வைத்து நேராக உள்ளே போகிறார்கள். அந்த வரிசையில் ஏற ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் ஆட வேண்டும், பெரும்பாலும் சொந்தச் செலவில். நடுவில் முழங்கால் போனால், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழ் கூட இல்லாத பெண் எங்கே போவாள்?

இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்த்துவிடுங்கள். சாயங்காலம் கோர்ட், விடுமுறையில் போட்டிகள். மாநில டென்னிஸ் சங்கத்தில் வயதுப் பிரிவுப் போட்டிகளைப் பற்றிக் கேளுங்கள். லாரிச் சம்பளத்தில் அந்த அளவுக்குத்தான் முடியும், அவள் வயதுக்கு அது போதும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் உறவினர்கள் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைத்தது இருக்கிறது. மகள் என்ன சொன்னாள்? இன்று சாயங்காலம் கோர்ட்டிலிருந்து கூட்டிவரும்போது கேட்டுப் பார்த்து, எனக்கும் எழுதுங்கள்.