சங்கிலியை அடகு வைத்து வாட்டர் பார்க் போகலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு அரச பாடசாலையில் ஆசிரியை. கணவருக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மூன்றரை ஏக்கர் வயல். மகளுக்கு 13 வயது, மகன்மாருக்கு 9, 4. மாமியும் எங்களோடுதான் இருக்கிறா. மகளின் வகுப்புப் பிள்ளையொன்று கொழும்புப் பக்கம் வாட்டர் பார்க் போய்வந்து கதை சொன்ன நாளிலிருந்து மூன்று பேருக்கும் அதே பேச்சு. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கூட்டிப்போகலாம் என்று விசாரித்துக் கணக்குப் போட்டேன். வேன் வாடகை 90,000, நுழைவுச்சீட்டு ஆறு பேருக்கும் 21,000, ஒரு இரவு தங்க 15,000, சாப்பாடு 20,000, நீச்சல் உடுப்பு 15,000. மொத்தம் 161,000 ரூபாய். கையில் சேர்ந்திருப்பது 45,000. மிச்சத்துக்கு என் 2 பவுண் சங்கிலியை அடகு வைக்கலாம், இல்லாவிட்டால் பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற கிழமைக் கடன் எடுக்கலாம். கணவர், "ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைக்கிற வேலை இது. கடல் வாசலிலயே கிடக்கு, பாசிக்குடாவுக்குப் போவம்" என்கிறார். வெள்ளவத்தையில் இருக்கிற மச்சாள், கணவரின் தங்கை, வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறா. ஆறு பேர் போய் இறங்குவது அவர்களுக்குக் கரைச்சல் என்று நினைத்துத்தான் அறை எடுக்க யோசித்தேன். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, போய் வாருங்கள். சங்கிலி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

சங்கிலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வியில் எனக்குப் பயம் தந்த இடம் அதுதான். 161,000இல் கையிருப்பைக் கழித்தால் 116,000 அடகில் எடுக்க வேண்டும். வங்கியில் ஆண்டுக்கு 15 வீதம் என்று வைத்தால் ஒரு வருட வட்டி 17,400 ரூபாய். தனியார் அடகுக்கடையில் மாதம் 3 வீதம் என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கும். வருடத்துக்கு அது 36 வீதம், 41,760 ரூபாய். பவுண் விலை ஏறிக் கிடப்பதால் "இன்னும் கூடத் தரலாம், எடுக்கிறீங்களா?" என்றும் கேட்பார்கள். ஆனால் வட்டியைவிடப் பெரிய ஆபத்து நாட்காட்டியில் இருக்கிறது.

ஓகஸ்டில் அடகு வைக்கிறீர்கள். ஒக்டோபரில் பெரும்போக விதைப்பு தொடங்கும். உழவுக் கூலி, விதை நெல், உரம், எண்ணெய் எல்லாம் ஒரே நேரத்தில் காசு கேட்கும். நம் பக்கத்து வெள்ளாமைக் குடும்பங்கள் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். பெண்களின் நகை வங்கிக்குப் போகும், மாசி பங்குனியில் வெட்டு முடிந்து நெல் விற்றதும் திரும்பி வரும். உங்கள் சங்கிலியும் அந்தப் பாதையில் பலமுறை போய்வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அதுதான் உங்கள் வீட்டு விதைப்புச் செலவுக்கு இருக்கிற ஒரே கைகாவல். ஓகஸ்டில் அதை உல்லாசப் பயணத்துக்கு அடகு வைத்துவிட்டால் ஒக்டோபரில் வயலுக்கு எதை வைப்பீர்கள்? அப்போது உரக்கடைக் கடன்தான் மிஞ்சும். உரத்தைக் கடனாகத் தருகிற இடத்திலேயே நெல்லையும் கொடுக்க வேண்டி வந்தால் விலை பேச உங்கள் கணவருக்கு வாயிருக்காது. அந்த நட்டம் எந்த அடகுச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. 17,400 ரூபாய் வட்டியைவிட அது பெரிதாகவே இருக்கும்.

கிழமைக் கடன் வேண்டவே வேண்டாம். 100,000 ரூபாய்க்கு "20 வீதம்தான்" என்று சொல்லி, 12 மாதத்துக்கு மாதம் 10,000 கட்டச் சொன்னால், உண்மையான வட்டி ஏறக்குறைய 35 வீதம். முதல் மாதத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், ஆனாலும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி எண்ணப்படுகிறது என்பதுதான் காரணம். அதோடு குழுவில் உள்ள மற்றப் பெண்களின் கையெழுத்தும் உங்கள் கடனோடு மாட்டிக்கொள்ளும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தக் கடன்கள் பெண்களை என்ன பாடு படுத்தின என்று பார்த்த எவரும் ஒரு நாள் சந்தோசத்துக்காக இதைச் சொல்லித்தர மாட்டார்கள். அரச ஊழியர் என்பதால் 4.2 வீத வட்டியில் இடர்கடன் கேட்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான கடன் அது. கூரை ஒழுகும் நாளுக்கும் ஆசுபத்திரி நாளுக்கும் அதை வைத்திருங்கள்.

சரி, கடனில்லாமல் எப்படிப் போவது? உங்கள் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 161,000இல் பூங்காவுக்குள் நுழையக் கட்டுவது 21,000 மட்டும். தண்ணீரில் விளையாடுவதற்கு ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வேனும் அறையும் சேர்த்து 105,000. அதாவது நீங்கள் காசு கொடுப்பது தூரத்துக்கு. வாட்டர் பார்க்குகள் மேல் மாகாணப் பக்கம் இருக்கின்றன, அவிசாவளைக்குப் போகும் வழியில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ல் பே. கொழும்புக்காரருக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிற ஒரு நாள் செலவு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பே 300 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே குறைக்க வேண்டியது பயணச் செலவை. பிள்ளைகளின் சறுக்கியிலும் ஐஸ்கிறீமிலும் கைவைக்கத் தேவையில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று உங்களிடமே இருக்கிறது. அரச ஆசிரியைக்கு விடுமுறைக்கால ரயில் வொரன்ட், அதாவது காசில்லாமல் ரயிலில் போகும் அனுமதிச் சீட்டு, உண்டு, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. இந்த ஆண்டுக்குரியதில் பாக்கி இருக்கிறதா என்று நாளைக்கே பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள். நம் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் டிசம்பர் வரை வைத்திருந்து வீணாகப் போகவிடுகிறார்கள். மாமிக்கு மட்டும் ரிக்கற் எடுத்தால் போதும். மட்டக்களப்பு நிலையத்தில் இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது கொழும்புக் கோட்டையில் இறங்கலாம், ஒரு இரவு அறைக் காசும் மிச்சம். இறங்கிய அன்றே பூங்காவுக்கு ஓடாதீர்கள். நித்திரை இல்லாத நாலு வயதுப் பிள்ளையோடு போனால் கட்டிய காசில் பாதி அழுகையிலேயே கரையும். ஒரு நாள் ஆறி, மறுநாள் போங்கள்.

மச்சாள் வீட்டுக்குப் போவதில் என்ன கூச்சம்? கூப்பிடுகிறவர் உங்கள் கணவரின் கூடப்பிறந்தவர், மாமிக்கோ அது மகள் வீடு. வெறுங்கையோடு போகாதீர்கள், அவ்வளவுதான். உங்கள் வயல் அரிசி பத்துக் கிலோ, நல்ல தயிர் இரண்டு முட்டி, கொஞ்சம் நெத்தலிக் கருவாடு. 5,000 ரூபாய்க்குள் அடங்கும். கொழும்பில் இருப்பவருக்கு அதைவிட மதிப்பான சாமான் இல்லை. அங்கே நிற்கும் நாட்களில் ஒரு நேரச் சந்தைச் செலவை நீங்கள் பொறுப்பெடுங்கள்.

மாமியைப் பூங்காவுக்குள் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிழலில் குந்தியிருந்து பார்ப்பதற்கு 4,000 ரூபாய் கட்டுவதைவிட, மகளோடு ஒரு நாள் இருந்து பேசுவது அவவுக்கும் விருப்பமாக இருக்கும். இருந்தாலும் நீங்களாக முடிவெடுக்காமல் அவவிடம் கேட்டுவிடுங்கள். தானும் தண்ணீரில் கால் நனைக்க ஆசை என்றால் அந்த 4,000ஐ மனமுவந்து கொடுங்கள்.

வெள்ளவத்தையில் நிற்பதால் பண்டாரகம உங்களுக்கு வசதி. கரையோர ரயிலில் பாணந்துறை போய், அங்கிருந்து பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்கலாம். திரும்பும்போது பிள்ளைகள் களைத்துவிடுவார்கள், அப்போது வாடகைக் கார் பிடியுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிருங்கள். ஒவ்வொரு சறுக்கிக்கும் அரை மணி நேரம் வரிசையில் நின்றால் நாள் முழுவதும் கொஞ்ச முறைதான் சறுக்கலாம். கூட்டமில்லாத நாளில் அதே சீட்டுக்குப் பிள்ளைகள் அலுக்கும்வரை சறுக்குவார்கள்.

போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுத் தெளிய வேண்டிய சில விசயங்கள் நேரடியாகக் காசோடு சம்பந்தப்பட்டவை. இப்படியான பூங்காக்களில் பிள்ளைகளுக்கான கட்டணத்தை வயதை வைத்து எடுக்கிறார்களா, உயரத்தை வைத்தா? வளர்த்தியான 9 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம் விழக்கூடும். பெரிய சறுக்கிகளில் ஏற உயரக் கட்டுப்பாடு இருக்கும். கடைக்குட்டிக்கு ஆழமில்லாத தடாகம்தான், அதற்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக விடாவிட்டால் ஆளுக்கொரு பொரியல் சோறும் குளிர்பானமும் வாங்கியே 10,000 ரூபாய் கரையும். அப்படியென்றால் காலையில் மச்சாள் வீட்டில் பிட்டோ இடியப்பமோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், உள்ளே ஒரு நேரம் மட்டும் வாங்குங்கள். பருத்தி உடுப்போடு சறுக்கியில் விடாத இடங்கள் பல, அதனால் உடுப்புச் செலவு தவிர்க்க முடியாதது. மகளுக்கும் உங்களுக்கும் உடல் முழுக்க மூடிய நீச்சல் உடுப்பு வாங்குங்கள், நாலைந்து வருடம் உழைக்கும். பொடியன்மாருக்கு மச்சாளின் பிள்ளைகளுடையது இருந்தால் கடன் வாங்குங்கள், அடுத்த வருடம் அவர்களுக்கு அது அளவாக இருக்காது. இன்னொன்று, ஓகஸ்டிலும் தென்மேற்குப் பக்கம் மழை வரலாம். மழை, இடி என்றால் சறுக்கிகளை நிறுத்திவிடுவார்கள். முற்கூட்டியே காசு கட்டச் சொன்னால், நாளை மாற்றித் தருவார்களா என்று கேட்காமல் கட்டாதீர்கள்.

இப்போது புதிய கணக்கு. மாமியின் ரயில் ரிக்கற்றும் மட்டக்களப்பு வரை பஸ் காசும் 5,000. வழிச் சாப்பாடு 4,000. கொழும்புக்குள் போக்குவரத்து 10,000. நுழைவுச்சீட்டு 17,000. உடுப்பு 8,000. பூங்காச் சாப்பாடு 9,000. மச்சாள் வீட்டுக்கு 5,000. கைகாவலாக 10,000. கூட்டினால் 68,000. உங்களிடம் 45,000 இருக்கிறது. இன்னும் 23,000 வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு சம்பளம் வரும், மாதம் 5,750 ஒதுக்கினால் சரி.

அந்த 5,750ஐச் சம்பளக் கணக்கிலேயே விட்டால் மாத முடிவில் இருக்காது. ஏரிஎம் அட்டை இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கொன்றில், சம்பளம் விழுந்த மறுநாளே தானாகப் போய்ச் சேரும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். கையிலுள்ள 45,000மும் அதற்குள் போகட்டும். இதற்கென்று குலுக்குச் சீட்டில் சேராதீர்கள். உங்கள் பெயர் செப்டம்பரில் விழுந்தால் விடுமுறை போய்விடும்.

கணவரின் பேச்சுக்கு வருகிறேன். அவர் பிள்ளைகளின் ஆசையை மறுக்கிறார் என்று எனக்குப் படவில்லை. சங்கிலி என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு ஒக்டோபர் விதைப்பு ஞாபகம் வந்திருக்கும், அந்தப் பயம் நியாயமானது. இந்த 68,000 கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். வயல் காசு ஒரு சதமும் இதில் இல்லை, நகை அசையவில்லை என்று காட்டுங்கள். சிறுபோக நெல் விற்ற காசு கையில் வந்தாலும் அதிலிருந்து எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், அது அடுத்த விதைப்பின் காசு. ஆனால் பாசிக்குடா இதற்கு ஈடாகும் என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கடலோரத்தில் வளர்கிற பிள்ளைகளுக்குக் கடல் தினமும் காண்கிற சங்கதி. 13 வயது மகள் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் சாதாரண தரம், ரியூசன் என்று புத்தகத்துக்குள் போய்விடுவாள். மூன்று பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து கத்திக் குளிக்கிற வயது இதுதான். இந்தச் செலவை வீண் செலவு என்று நான் எழுதமாட்டேன். பாசிக்குடாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு தனியாகப் போய் வாருங்கள், அலை அடங்கிய ஆழமில்லாத கடல், 4 வயதுக்காரனுக்கும் பயமில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. விடுமுறைக் காலத்தில் ரயில் ஆசனங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். முன்பதிவு திறக்கும் நாளிலேயே வொரன்டோடு போய் நில்லுங்கள். போகவும் வரவும் ஆசனம் கைக்கு வந்த பிறகே பூங்காவுக்குக் காசு கட்டுங்கள், பிள்ளைகளுக்கு நாளைச் சொல்லுங்கள். ஆசனம் கிடைக்காவிட்டால் வேனுக்குப் பாயாதீர்கள். இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டாலும் வேனுக்கு உங்கள் பங்கு 45,000, ரயில் செலவையும் கொழும்புப் போக்குவரத்தையும் கழித்தாலும் மொத்தம் 98,000 வரும், ஓகஸ்டுக்குள் அது சேராது. அதே 5,750ஐ நிறுத்தாமல் அடுத்த மார்ச் வரை போட்டால் கணக்கில் 114,000 இருக்கும். பெரும்போக வெட்டும் முடிந்திருக்கும். சித்திரை விடுமுறையில் அந்தக் காசோடு, கடனில்லாமல், பங்கு போட்ட வேனிலேயே போகலாம்.