கரண்ட் வந்ததும் விழும் எம்.சி.பி.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பனியன் செக்கிங் யூனிட் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "டேபிள் லைட்டுகளுக்காக எட்டு எஸ்.எம்.பி.எஸ். (ஏசியை டிசியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி) ஒரே லைனில் இருக்கிறது. ஓடும்போது 6 ஆம்ப்ஸ்தான். ஆனால் கரண்ட் போய் வந்தால் 10 ஆம்ப்ஸ் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது, சில நாள் விழுவதில்லை. எலெக்ட்ரீஷியன் 32 போடச் சொல்கிறார். போடலாமா?"

போடாதீர்கள். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச். அது காப்பது லைட்டை அல்ல, ஒயரை. ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயருக்கு 32 போட்டால், ஒயர் சூடேறிப் பொசுங்கினாலும் அது பேசாமல் இருக்கும். உங்கள் இடமோ துணியும் பஞ்சுத் தூசியும். இப்படிச் சொல்லும் ஆளை இன்னொரு முறை கூப்பிடாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் கரண்டைச் சேமித்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. காலியாக இருந்தால் மடமடவென்று குடிக்கும். சில மில்லிசெகண்டுதான், ஆனால் ஒன்றே 40 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். எட்டும் சேர்ந்து இழுத்தால்? ‘சி’ வகை 10 ஆம்ப்ஸ் எம்.சி.பி. 50க்கும் 100க்கும் நடுவிலேயே சட்டென்று விழுந்துவிடும். ஏசி அலையின் உச்சத்தில் கரண்ட் வந்தால் இழுப்பு அதிகம். சில நாள் தப்புவது அந்த நேரக் கணக்கில்தான்.

இரண்டிரண்டாகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு ஆன்-டிலே டைமரும் (கரண்ட் வந்து சற்று நேரம் கழித்தே ஆன் ஆவது) கான்டாக்டரும் (டைமர் சொன்னதும் லைனை இணைக்கும் சுவிட்ச்) வையுங்கள். ஜோடிகளுக்குள் 2 செகண்ட் இடைவெளி போதும். எம்.சி.பி.யை அதே 10 ஆம்ப்ஸில் ஆரம்ப இழுப்பை இன்னும் அதிகம் தாங்கும் ‘டி’ வகையாக மாற்றலாம், எர்த்தை அளந்து சரிபார்த்த பிறகு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதல் டைமர் ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. பல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இழுப்பை அடக்க என்.டி.சி. என்ற சின்ன வில்லை இருக்கும். குளிர்ந்திருந்தால் தடுக்கும், சூடாக இருந்தால் வழி விட்டுவிடும். ஆடிக்காற்றில் கரண்ட் போய்ப் பத்து செகண்டில் வருகிறதே, அப்போது கெப்பாசிட்டர் காலி, வில்லையோ இன்னும் சூடு. தடுக்க ஆளில்லை. அது ஆறத்தான் அந்த ஒரு நிமிடம்.

‘ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடும்’, ‘பவர் சேவர் பெட்டி வாங்குங்கள்’ என்று வருகிற தரகர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். இரண்டும் இதற்கு மருந்தல்ல. ஆரம்ப இழுப்பு எத்தனை ஆம்ப்ஸ் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டால் என்ன கேடு? டேட்டா ஷீட்டில் ஒளித்து வைக்கிறார்கள், கடைக்காரர் அதைக் கண்ணில் காட்டுவதில்லை. கேட்டு வாங்குங்கள்.

அந்த ஒரு நிமிடம் ஆட்கள் இருட்டில் நிற்காமல் இருக்க, ஒரு டியூப்லைட்டை வேறு லைனில் போட்டுவிடுங்கள்.