முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

வகுப்பிலும் பள்ளி வேலையிலும் கைபேசி, கணினி, இணையம் பயன்படுத்துவது பற்றி, பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் ஆசிரியர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இவை. ஒரே கேள்வியை நான்கைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். காரணம், மதிப்பெண் பட்டியல் பற்றிய பதிலைப் படித்தால் விளங்கும்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் எங்கள் பள்ளி இருக்கிறது. பின்னால் உள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை வகுப்பில் பயன்படுத்த முடியவில்லை. என்ன செய்வது? (இடைநிலை ஆசிரியை)

வகுப்பு நேரத்தில் இணையத்தை நம்பவே நம்பாதீர்கள். மலைக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் பள்ளிக்கும் இதுதான். 2018இல் புதிய பாடநூல்கள் வந்தது முதல் பாடத்தோடு சேர்த்து அச்சிடப்படும் அந்தக் குறியீடு ஒரு முகவரி மட்டுமே. காணொளி வேறெங்கோ இருக்கிறது. அதை எடுத்துவர வேண்டியது நம் வேலை.

சனிக்கிழமை கடைக்கோ வங்கிக்கோ சேலத்துக்கு இறங்குவீர்கள். அப்போது அடுத்த வாரப் பாடங்களின் குறியீட்டைப் படித்து, பாடக் காணொளிகளுக்கான அரசின் திக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இறக்கியது இணையம் இல்லாமலே ஓடும். யூடியூப் செயலிக்குள் இறக்கியது அந்தச் செயலிக்குள் மட்டும்தான் ஓடும். பென்டிரைவில் ஏற்றி ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் போட முடியாது. இதை அறியாமல் பென்டிரைவோடு வகுப்புக்குள் போய்த் திகைத்து நின்றவர்கள் பலர்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்கள் பள்ளிக்கே பொருந்தும். கிவிக்ஸ் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி அதில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒரு நினைவக அட்டையில் அடங்கிவிடும். பாறைமேல் ஏறாமலே பிள்ளைகள் எரிமலையைப் பற்றியும் எலும்புக்கூட்டைப் பற்றியும் தேடிப் படிக்கலாம்.

எதை இறக்கினாலும் முந்தின நாளே அதே திரையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா என்றும் பாருங்கள். மலையில் மழைக்காலத்தில் மின்சாரம் போகும். அன்றைக்குக் கரும்பலகையில் எப்படி நடத்துவது என்பதையும் பாடக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

கேள்வி: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கப் படங்கள், கோயில் படங்கள், கட்சிச் செய்திகள். என் அறிவிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

குழு அமைப்புகளுக்குள் போய், செய்தி அனுப்பும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். அரை நிமிட வேலை. சாதாரணக் குழுவில் எல்லாத் தாய்மார்களின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்யூனிட்டி வசதியில் உள்ள அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் மற்ற பெற்றோருக்குத் தெரியாது. அதற்கு மாறுவது நல்லது.

கேள்வி: என் கணக்கு திறக்கவில்லை. பலமுறை முயன்றுவிட்டேன். உடனே தீர்வு கூறவும். (ஆத்தூர்)

எந்தக் கணக்கு? பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளமா, ஜிமெயிலா, முகநூலா? கைபேசியிலா, கணினியிலா? திரையில் என்ன வாசகம் வந்தது? இவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் தீர்வு கேட்டால் நான் எங்கிருந்து தொடங்குவது? "வயிறு சரியில்லை" என்று அஞ்சலட்டையில் எழுதி மருந்து கேட்கும் நோயாளியை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். படத்தில் கடவுச்சொல் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதே கடிதத்தின் கடைசி வரியில் உங்கள் கடவுச்சொல்லையும் எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் தரக் கூடாது, எனக்கும்தான்.

கேள்வி: வினாத்தாளைத் தட்டச்சு செய்து மற்ற பள்ளிகளுக்கு அனுப்பினால் குப்பை எழுத்தாகத் தெரிகிறது என்கிறார்கள். என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது. அவர்கள் கணினியில்தானே கோளாறு?

இல்லை, கோளாறு உங்கள் எழுத்துருவில். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து காட்டுபவை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கென்று தனி இடம் 1991 முதலே இருக்கிறது. ஒருங்குறியில் எழுதியது எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும், தேடினால் அகப்படும், வெட்டி ஒட்டினாலும் உடையாது.

தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999இல் அரசு அறிவித்தது. இன்றைய விண்டோஸிலேயே இருக்கிறது. உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க இருமுறை அடித்தால் முதல் க தானாகப் புள்ளி பெற்று 'க்க' ஆகிவிடும். பக்கம், அப்பா, பட்டம் என்று தமிழில் எத்தனை சொற்கள் அப்படி வருகின்றன! தமிழின் நடையை அறிந்தவர்கள் அமைத்த விசைப்பலகை அது. தினம் இருபது நிமிடம், இரண்டு வாரம் போதும். பழைய வினாத்தாள்களை மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியலையும், முதல் மூன்று பிள்ளைகளின் படத்தையும் பெற்றோர் குழுவிலும் முகநூலிலும் போட்டோம். ஒரு மாணவியின் தகப்பனார் வந்து சத்தம் போட்டார். நல்லதைத்தானே செய்தோம்? (பட்டதாரி ஆசிரியர், ஓமலூர் வட்டம்)

தகப்பனார் சொன்னதுதான் சரி. நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆனாலும் மே மாதம் வந்தால் பட்டியல்கள் பறக்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே 2017இல் நிறுத்திவிட்டது. முதலிடம் பெற்ற பிள்ளையைக்கூட ஊரறியச் சொல்ல வேண்டாம் என்று அரசு முடிவெடுத்த பிறகு, கணக்கில் 31 வாங்கிய பிள்ளையின் பெயரை நாம் ஏன் ஊர் முழுக்க அனுப்புகிறோம்?

முன்பும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோமே என்பீர்கள். பலகையில் ஒட்டிய தாள் பள்ளிக்குள் இருந்தது, ஒரு வாரத்தில் கிழிந்துபோனது. குழுவில் போட்ட பட்டியல் நாற்பது வீட்டுக் கைபேசிகளில் இறங்குகிறது. அங்கிருந்து அத்தை வீட்டுக் குழுவுக்கும், மாமா வேலை செய்யும் கொலுசுப் பட்டறையின் குழுவுக்கும் போகிறது. அதற்குப் பிறகு கிழித்துப்போட யாராலும் முடியாது. "அனைவருக்கும் அழி" என்ற வசதி இரண்டரை நாள் வரைதான். அதற்குள் அழித்தாலும் ஒருவர் எடுத்து வைத்துக்கொண்ட நகல் அழியாது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வுப் பட்டியலை இப்படிப் போட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்கில் 12. மறுநாள் முதல் அவள் வரவில்லை. தறி நெய்யும் குடும்பம். "இனி படித்து என்ன, தறியில் உட்காரட்டும்" என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். மூன்று முறை போய்ப் பேசினேன். மூன்றாவது முறை அவளுடைய பாட்டி கேட்டார்: "பிள்ளைக்குக் கணக்கு வராதது உங்களுக்குத் தெரிந்தால் போதாதா? தெருவுக்கெல்லாம் ஏன் சொன்னீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. பட்டியலைப் போட்டது நான் அல்ல. ஆனால் போடும்போது அதே அறையில் உட்கார்ந்திருந்தேன், தடுக்கவில்லை. அந்தப் பெண் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். வராமலே போயிருந்தால்?

படத்துக்கு வருகிறேன். சீருடை, பின்னால் பள்ளிப் பெயர்ப்பலகை, கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு. இந்த நான்கும் ஒரே படத்தில் இருந்தால், முன்பின் அறியாத ஒருவனுக்கு அந்தப் பிள்ளை மாலை நான்கரை மணிக்கு எங்கே நிற்கும் என்பது தெரிந்துவிடும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் வராவிட்டாலும் இது செய்யக் கூடாத செயல்தான்.

எப்படிச் செய்யலாம்? மதிப்பெண்ணை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்புங்கள், அல்லது நேரில் அழைத்துச் சொல்லுங்கள். படங்களுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் தமிழில் ஒரு பக்கச் சம்மதத் தாள் கொடுங்கள். எங்கே போடுவோம், எதற்காக என்பதை அதில் எழுதுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்ற பெற்றோரின் பிள்ளையைக் குழுப்படத்தின்போது எல்லோர் முன்னிலையிலும் தள்ளி நிறுத்தாதீர்கள். அது வேறொரு தண்டனை. அறிவியல் கண்காட்சியா? பிள்ளைகள் செய்த மாதிரியைப் படம் எடுங்கள். மண் பிசையும் கைகளை எடுங்கள், பின்னாலிருந்து வகுப்பை எடுங்கள். பிள்ளையின் பெயரும் முகமும் சேர்ந்து பொது இடத்துக்குப் போகக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் எழுதுவேன்.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் என்னைப் பின்தொடர அனுமதி கேட்கிறார்கள். மறுத்தால் மனம் வாடுகிறார்கள்.

மறுத்துவிடுங்கள். ஏன் என்பதை வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு அனுமதி, இன்னொரு பிள்ளைக்கு மறுப்பு என்று வைக்காதீர்கள். அங்கே கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும்; எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது இப்போதுதான் நிறைந்திருக்கும், சிலருக்கு நிறைந்தே இருக்காது. மாணவரோடு தனிச்செய்தியில் பேசுவதை அறவே தவிருங்கள். பாடச் சந்தேகம் வகுப்புக் குழுவிலோ மறுநாள் வகுப்பிலோ தீரட்டும்.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு. இரவில் ஒரு பிள்ளை "டீச்சர், பயமாக இருக்கிறது" என்று அனுப்பினால், விதியைச் சொல்லி ஒதுங்காதீர்கள். உடனே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: யூடியூபில் பாடம் காட்டும்போது நடுவில் கூசவைக்கும் விளம்பரம் வந்துவிட்டது. எப்படித் தடுப்பது?

பிள்ளைகள் முன்னால் தேடாதீர்கள், நேரலையில் ஓட்டாதீர்கள். முந்தின நாளே திக்‌ஷாவில் அதே பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே விளம்பரம் இல்லை. யூடியூப்தான் வேண்டும் என்றால் தானியங்கி ஓட்டத்தை அணைத்து, தகாத காணொளிகளை மறைக்கும் கட்டுப்பாட்டு முறையை இயக்கிவிட்டு, பள்ளிக்கென்று தனிக் கணக்கில் திறங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் திறந்தால் நேற்றிரவு வீட்டில் பார்த்ததெல்லாம் பக்கத்தில் வரிசையாக நிற்கும்.

கேள்வி: கூகுள் படிவத்தில் தேர்வு வைத்தால் எல்லோரும் முழு மதிப்பெண். காப்பியடிப்பதைத் தடுக்கும் வழி சொல்லுங்கள். (கணித ஆசிரியர், எடப்பாடி)

கேள்வி வரிசையைக் கலைத்துப்போடும் வசதி இருக்கிறது, ஓரளவுக்கு உதவும். உண்மையான வழி கேள்வியை மாற்றுவது. "உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையில் கடைசி மூன்று கணக்கெடுப்புகளில் எத்தனை யூனிட்? சராசரி என்ன? முதல் 100 யூனிட் இலவசம் போக மீதி எவ்வளவு?" இதில் ஒருவன் விடை இன்னொருவனுக்கு உதவாது. திருத்த நேரம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒன்று போதும்.

கேள்வி: மாணவன் கொண்டுவரும் கட்டுரை சாட்ஜிபிடி எழுதியதா என்று கண்டுபிடிக்கும் செயலி எது?

நம்பத்தக்கது ஒன்றும் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தான் வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. செயலி சொன்னதை நம்பிப் பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 57 வயது. தொடுதிரையைத் தொடவே கை நடுங்குகிறது. மாணவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (தமிழாசிரியர், வாழப்பாடி)

ஐயா, கேளுங்கள். ஒரு பிள்ளை தன் ஆசிரியருக்குச் சொல்லித்தரும் அந்தப் பத்து நிமிடத்தை வாழ்நாள் முழுக்க மறக்காது. கணினியைத் திறக்கவும் கோப்பைத் தேடவும் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் நீங்களே தட்டுங்கள். முப்பது ஆண்டுகளாகக் குறுந்தொகைப் பாடல்களை நீங்கள் நடத்தும் முறை எந்தச் செயலியிலும் இல்லை. முதலில் குரல் பதிவை மட்டும் பழகுங்கள். ஒரு பாடலை வாசித்து, பொருள் சொல்லி, மூன்று நிமிடத்தில் பதிவு செய்து வகுப்புக் குழுவில் போடுங்கள். கேமராவும் வேண்டாம், திரையும் வேண்டாம். சத்தமில்லாத அறையும், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்த கைபேசியும் போதும்.

கேள்வி: எங்கள் ஊரைப் பற்றி மாணவர்களை விக்கிப்பீடியாவில் எழுத வைக்கலாமா? (ஏற்காடு)

கட்டாயம் செய்யுங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. மலைக் கிராமங்களைப் பற்றிய பல கட்டுரைகள் இன்னும் நாலு வரியில் நிற்கின்றன. சேர்வராயன் கோயில் மே மாதத் திருவிழா, காப்பித் தோட்ட வேலை, மிளகுக் கொடி ஏற்றும் முறை என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை நிறைய. ஆனால் பாட்டி சொன்னதை மட்டும் வைத்து அங்கே எழுத முடியாது. அச்சிட்ட நூலிலோ செய்தித்தாளிலோ சான்று வேண்டும். அதைத் தேடிப் போவதே நல்ல பயிற்சி. வேறு தளத்திலிருந்து வரி வரியாக எடுத்து ஒட்டினால் நீக்கிவிடுவார்கள். பயனர் பெயராகப் பிள்ளையின் சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ வைக்க வேண்டாம். கட்டுரையை முதலில் நோட்டில் எழுதித் திருத்தி, ஒருங்குறியில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பதிவேற்றுங்கள்.