பாட்டை விட வேண்டாம், கணக்கைப் பிரியுங்கள்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கோயில் கச்சேரிகளில் கானாவும் சினிமாப் பாட்டும் பாடுகிறேன். லோக்கல் கேபிளில் தொகுப்பாளினியாகவும் இருந்தேன். இப்போது விழாக்குழுவினர் ‘ட்ரூப்பையும் நீயே பிடிச்சுக் குடும்மா’ என்கிறார்கள். நானே எழுதிப் பாடிய கானா ஒன்றை ஒரு யூடியூப் சேனல் 5,000 ரூபாய்க்கு மொத்த உரிமையோடு கேட்கிறது. பாடுவதை விட்டு ப்ரமோஷன் பக்கம் போய்விடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எதையும் விட வேண்டாம். கணக்கை மட்டும் பிரியுங்கள்: பாடினால் சம்பளம், கச்சேரி பிடித்தால் கமிஷன், பாட்டு வெளியானால் ராயல்டி. பெண்கள் செய்தால் பின்னிரண்டும் ‘கூடமாட ஒத்தாசை’ என்றே போய்விடுகிறது. கமிஷன் எவ்வளவு என்று ட்ரூப்பிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாத்தியக்காரர்களுக்கு அன்றிரவே பணம் கொடுத்தால்தான் அடுத்த கச்சேரிக்கு வருவார்கள்.

ஆடிமாதத் தெருக்கச்சேரியில் தகராறு பெரும்பாலும் 10 மணியால் வருவது. சாமி ஊர்வலம் திரும்பவே எட்டரை ஆகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தனியாகத் தளர்த்தும் சில விழா நாட்கள் மட்டும் விலக்கு. மைக் நின்றதும், ‘ஒன்றரை மணி நேரம்தானே பாடினீங்க’ என்று விழாக்குழு பேலன்ஸில் கை வைக்கும். எனவே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்: பாதி முன்பணம், மீதி மேடை ஏறுமுன், தாமதம் நம்மால் இல்லையென்றால் முழுத்தொகை. போலீஸ் அனுமதி வாங்குவது அவர்கள் பொறுப்பு. அதன் போட்டோ முந்தின நாளே உங்கள் போனுக்கு வரட்டும்.

சீரியல் லைட்டும் சவுண்டு செட்டும் ஒரே லைனில் போனால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். லோடு ஏறி வோல்டேஜ் இறங்கினால் பாட்டின் நடுவே கீபோர்டு அணைந்துவிடும். சவுண்டுக்குத் தனி ஜெனரேட்டர் கேளுங்கள். பெண் கலைஞர்களுக்கு மேடைக்குப் பக்கத்தில் கழிவறையுள்ள ஒரு வீடு, ராத்திரி வீடு திரும்ப வண்டி, இரண்டும் அதே மெசேஜில் இருக்கட்டும். கூச்சப்பட்டு விட்டுவிடுகிற வரி இதுதான்.

இனி உங்கள் பாட்டு. மெட்டு சினிமா மெட்டா? மேடையில் அது கானாவின் வழக்கம். யூடியூபில் கன்டென்ட் ஐடி (பிறர் பாட்டைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பிடித்தால் விளம்பரப் பணம் பட நிறுவனத்துக்குப் போகலாம். இணையத்தில் எடுத்த ‘இலவச’ பீட்டிலும் (பின்னணி இசையிலும்) இதே வில்லங்கம் உண்டு: அதே பீட்டை நூறு பேர் எடுத்திருப்பார்கள், அதில் ஒருவர் உங்கள் பாட்டின் மேல் க்ளெய்ம் போடுவார். தெரிந்த கீபோர்டுக்காரரை வைத்துப் புதிதாக வாசித்து வாங்குங்கள். வரி யாருடையது, இசை யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் அன்றே எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு நிற்காது.

வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் நிறுவனத்திடம்) ஏற்றுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதைத் தனியாக அடையாளம் காட்டும், 12 எழுத்து-எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு வேண்டும். பெரும்பாலும் அவர்களே தருவார்கள். உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எங்கும் ஒன்றாகவே இருக்கட்டும். மாறினால் பாட்டுகள் இரண்டு பக்கங்களாகச் சிதறும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பம் குறைந்தது 7 நாள் முன்னால் போக வேண்டும். காசுக்கு வியூஸ் வாங்காதீர்கள்: எண்ணிக்கை ஏறும், பார்ப்பவர் நிற்கமாட்டார், பிறகு யூடியூபே பாட்டை யாருக்கும் காட்டாது.

அந்த 5,000 ரூபாய் ஒப்பந்தத்தில் ஒலிப்பதிவை மட்டும், அதுவும் இத்தனை ஆண்டுக்கு என்று கொடுங்கள். வரிகளுக்கான ராயல்டிப் பங்கை நீங்களே நினைத்தாலும் சேனலுக்கு எழுதித்தர முடியாது. 2012 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத் திருத்தப்படி வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்கலாம். பாடலாசிரியராக ஐபிஆர்எஸ்-இல் (ராயல்டி வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கம்) உறுப்பினராகி, பாட்டைப் பதிந்துவிட்டு அந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள். ‘சகல உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற வரியை அடிக்க மறுத்தால், உங்கள் சொந்த சேனலில் போடுங்கள்.