அவருடைய ரிப்போர்ட் உங்கள் புடவைக்கு அடியில் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி ஏழு வருடங்களாகக் குழந்தை இல்லை. அடுத்த மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. “நீ பந்தியைப் பார்த்துக்கொள், மணைப் பக்கம் வராதே” என்று மாமியார் சொல்லிவிட்டார். மாதவிலக்கு வரும்போதெல்லாம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். திருக்கருகாவூர் நெய், சூரணம், கஷாயம் எல்லாம் சாப்பிட்டாகிவிட்டது. கணவர் தங்கமானவர், கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் அவருக்கு விந்தணு குறைவு என்று வந்தது. அவர் உடைந்துபோனதால், குறை எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. இந்த அழுகையிலிருந்து மீள வழி சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்)

பதில்: சகோதரி, நான்கு பக்கக் கடிதத்தைத்தான் மேலே சுருக்கியிருக்கிறேன். மூன்றரைப் பக்கத்துக்கு மாமியார். கடைசியில், பால் கணக்கு எழுதுவதுபோல இரண்டு வரியில் அந்த ரிப்போர்ட். மாமியார் அப்புறம் இருக்கட்டும். அவருடைய ரிப்போர்ட் உங்கள் புடவைக்கு அடியில் ஏன் இருக்கிறது?

தியாகம் என்று நினைத்துச் செய்திருக்கிறீர்கள். விந்தணு குறைந்தவர் அவர், கஷாயம் குடித்தவர் நீங்கள். இதில் யாருக்கு என்ன நன்மை? இந்த இரண்டு வருடத்தில் அவர் மறுபடி டாக்டரிடம் போனதாக ஒரு வரிகூட இல்லை. ஏன் போகப் போகிறார்? வழக்கு முடிந்து தண்டனையும் உங்களுக்கு வழங்கியாகிவிட்டதே!

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நல்ல மருத்துவர் யாரும் தீர்ப்பு எழுத மாட்டார். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. இடையில் கடும் காய்ச்சல் வந்தாலே எண்ணிக்கை சரியும், பிறகு ஏறும். அதனால் சில வாரங்கள் விட்டு, 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்து, மறுபடி பரிசோதிப்பார்கள். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா, புகை, குடி உண்டா, உடற்பயிற்சிக் கூடத்தில் ஹார்மோன் ஊசி போட்டாரா என்று கேட்பார்கள். எதுவும் பலிக்காவிட்டால், ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை இருக்கிறது. அந்த முறையில் கருத்தரித்த செய்தி 1992இலேயே வெளியாகிவிட்டது. செலவு பிடிக்கும், உறுதியும் கிடையாது. ஆனால் அதற்கும் உங்கள் கருமுட்டை வேண்டும். 35ஐத் தாண்டினால் அது வேகமாகக் குறையத் தொடங்கும். 31 வயதில் தொடங்கியிருக்க வேண்டிய வைத்தியத்தை இரண்டு வருடம் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அவருடைய மானத்துக்கு உங்கள் வயதை விலையாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

திருக்கருகாவூர் நெய்யைக் கணவன் மனைவி இருவரும் 48 நாள் சாப்பிடுவதுதானே வழக்கம்? அவர் சாப்பிட்டாரா? அம்பாள் இருவருக்கும் கொடுத்ததையும் உங்கள் வீட்டில் மருமகள் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

தங்கமானவர் என்கிறீர்கள். பெற்ற தாய் தன் மனைவியை மணைப் பக்கம் வராதே என்கிறாள், காரணம் தானே என்று தெரிந்தும் வாய் திறக்காதவரைத் தங்கம் என்று நான் உரசிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பழைய காலத்து மனுஷி. தாய்க்குப் பிள்ளையாக இருப்பது கடமை என்றால், கைப்பிடித்தவளைச் சபையில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் கடமைதான். அவருடைய வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. விந்தணு எண்ணிக்கையை ஆண்மையோடு போட்டுக் குழப்புகிற ஊர் இது. குழந்தையில்லை என்று வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லட்டும், நீங்கள் சுமந்தது போதும்.

ஒன்று, ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மாமியார் முன்னால் வீசாதீர்கள். அது அவருடைய உடம்பு, வெளியே சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். பழியை மட்டும் உங்கள் தலையில் விட்டுவைக்க அவருக்கு உரிமை இல்லை.

அழுகைக்கு வருகிறேன். குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் பெண்களின் மனச்சோர்வு, புற்றுநோயாளிகளின் மனச்சோர்வுக்கு இணையாக இருந்ததை அமெரிக்க ஆய்வொன்று 1993லேயே சொல்லிவிட்டது. தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். ஆனால் உங்கள் அழுகையில் பாதி குழந்தைக்காக இல்லை, சொன்ன பொய்யைத் தினமும் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே, அதற்காக. அந்தப் பாதியை எந்த டாக்டராலும் தீர்க்க முடியாது.

இன்று இரவே ரிப்போர்ட்டை எடுத்து அவர் கையில் கொடுங்கள். பரிசோதனைக்கு அவரே போன் செய்து, அவர் பெயரிலேயே நேரம் வாங்கட்டும். பிறகு தாயிடம் போய், “குறை இவளிடம் இல்லை அம்மா. இவளை ஒதுக்கினால் நானும் வளைகாப்புக்கு வர மாட்டேன்” என்று சொல்லட்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் வேண்டாம். அண்ணன் வராத வளைகாப்புக்கு உறவுக்காரர்களிடம் என்ன காரணம் சொல்வது என்று மாமியார் யோசிக்கட்டும்.