140 விண்ணப்பம், தேறியது 4 பேர்

கேள்வி: எங்களுடையது சிறு நிறுவனம். கணக்காளர் ஒருவரும் கிடங்குக்கு இருவரும் தேவை. பெரிய வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே விளம்பரம் கொடுத்தோம். 140 விண்ணப்பம் வந்தும் நேர்காணலுக்குத் தேறியவர் 4 பேர்தான். இன்னும் நாலு தளங்களில் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 140 என்பது தளத்தின் விற்பனையாளருக்குப் பிடித்த எண். நீங்கள் பார்க்க வேண்டியது, கட்டிய தொகையை 4-ஆல் வகுத்தால் வருவதை. அதே தொகைக்கு 15 விண்ணப்பமே வந்து 5 பேர் தேறினால் அந்தத் தளம்தான் மலிவு. படிக்கும் நேரமும் மிச்சம்.

விளம்பரத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கணக்காளருக்கு லிங்க்டின், அல்லது அந்தத் தொழிலுக்கென்றே உள்ள தளம். கிடங்கு வேலை தேடுபவர் பெரும்பாலும் கைபேசியிலேயே விண்ணப்பிப்பார்; கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் போடு, ரெஸ்யூமே ஏற்று என்று தளம் அலைக்கழித்தால் பாதியிலேயே போய்விடுவார். பணம் கட்டுமுன் உங்கள் கைபேசியில் நீங்களே ஏதாவதொரு வேலைக்கு விண்ணப்பப் படிவம் வரை போய்ப் பாருங்கள். நீங்கள் ஆள் தேடும் பதவியின் பெயரை அங்கே தேடுங்கள். முதல் பக்கத்திலேயே மாதக்கணக்கில் பழைய விளம்பரங்கள் கிடந்தால் அந்தத் தளம் வேண்டாம்.

சம்பள வரம்பு, வேலை நேரம், இடம் மூன்றையும் எழுதிவிட்டு, வடிகட்டும் கேள்வி ஒன்றிரண்டு சேர்த்துவிடுங்கள்: கணக்காளருக்கு ‘மாத முடிவுக் கணக்கைத் தனியாக முடித்திருக்கிறீர்களா?’, கிடங்குக்கு ‘இரவு ஷிப்ட் சம்மதமா?’ ஐந்தாறு கேள்வி வைத்தால் நல்லவர்களும் ஓடிவிடுவார்கள்.

கேள்வி: விளம்பரத்துக்கு நிலையான கட்டணமா, அதை ஒருவர் திறக்கும் ஒவ்வொரு கிளிக்குக்கும் கட்டணமா?

பதில்: எளிதில் ஆள் கிடைக்கும் வேலைக்கு நிலையான கட்டணம் அல்லது இலவச விளம்பரம். அரிதான திறமைக்குக் கிளிக் முறை ஒத்துவரும். பார்ப்பவரே குறைவு, செலவும் அடங்கும். தலைப்பில் வெறும் ‘உதவியாளர்’ என்று போட்டால் கண்டவரெல்லாம் கிளிக் செய்வார்கள், காசு உங்களுடையது. ‘கிடங்கு உதவியாளர், இரவு ஷிப்ட்’ என்று எழுதுங்கள். செலவுக்கு ஒரு நாள் வரம்பு, மொத்த வரம்பு இரண்டும் வையுங்கள். ஆள் சேர்ந்த அன்றே விளம்பரத்தை மூடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

30 நாள் விளம்பரமும் புதியவை வர வர கீழே இறங்கிவிடும். இடையில் மேலே ஏற்றத் தனிக் கட்டணமா, தானாகப் புதுப்பித்துப் பணம் எடுப்பார்களா என்பதை முன்பே கேளுங்கள்.

கேள்வி: கூகுளின் வேலைத் தேடலில் நேரடியாகப் போட முடியுமா?

பதில்: முடியாது. 2017-இல் வந்த அந்த வசதி, வேலைத் தளங்களிலும் நிறுவன இணையதளங்களிலும் உள்ள விளம்பரங்களை எடுத்துக் காட்டுகிறது. உங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பக்கம் வைத்து, ‘ஜாப்போஸ்டிங்’ (JobPosting) குறிமுறையை, அதாவது இது வேலை விளம்பரம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பை, சேர்க்கும்படி இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். பதவி, விவரம், வெளியிட்ட தேதி, நிறுவனப் பெயர், பணியிடம் ஐந்தும் இருக்க வேண்டும். எல்லா வேலைகளையும் அடுக்கிய பட்டியல் பக்கத்தில் போட்டால் எடுபடாது. போட்டபின் கூகுளின் இலவச ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’ கருவியில் பக்க முகவரியை ஒட்டினால் பிழை எங்கே என்று காட்டிவிடும்.